வாழை முடிக்கொத்து வைரஸ்: ஆறு துண்டாகக் கிடக்கும் ஜீனோமைச் சோதித்து அறிவது எப்படி

வாழையில் முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸின் ஜீனோம், அதாவது அதன் முழு மரபணுத் தொகுதி, ஒரே இழையாக இருப்பதில்லை. ஆறு சிறு வட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒற்றை இழை டிஎன்ஏ, நீளம் சுமார் 1,000 முதல் 1,100 நியூக்ளியோடைடு. ஒவ்வொரு வட்டமும் 18 முதல் 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள தனித் துகளுக்குள் அடைபட்டிருக்கும். ஒரு துகளில் ஒரு துண்டுதான். அந்தத் துகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'இதுதான் வைரஸ்' என்று சொல்ல முடியாது, அது ஆறில் ஒரு பங்கு.

சோதனைக்கூடத்தில் இதை மறந்தால் இரண்டு தவறுகள் நேரும். ஒரு துண்டு கிடைத்ததுமே 'நோய் உண்டு' என்று எழுதிவிடுவது ஒன்று. தேடிய துண்டு கிடைக்கவில்லை என்பதற்காக 'நோய் இல்லை' என்று எழுதிவிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் கொடியது. சுத்தமானது என்று சான்று பெற்ற கன்று மலைத் தோட்டத்துக்குள் போய்விட்டால் அதன் பின் வரும் இழப்பை யாராலும் ஈடுகட்ட முடியாது. கீழ்ப் பழனி மலையில் விருப்பாச்சி வாழையின் பரப்பு 18,000 எக்டரிலிருந்து 2,000 எக்டர் அளவுக்குச் சுருங்கியதில் இந்த நோய்க்குப் பெரும் பங்கு உண்டு.

துண்டும் துகளும்

ஜீனோம் துண்டாக இருக்கும் வைரஸ்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. தக்காளிப் புள்ளி வாடல் வைரஸுக்கு மூன்று ஆர்என்ஏ துண்டுகள், நெல் குட்டை வைரஸுக்குப் பன்னிரண்டு. ஆனால் அவை எல்லாம் ஒரே துகளுக்குள் போகும். பூச்சி ஒரு துகளை எடுத்து வந்தாலும் முழு வைரஸும் வந்துவிடும். வாழை முடிக்கொத்து வைரஸ் அப்படியல்ல. துண்டுக்கு ஒரு துகள். இந்தப் பழக்கம் தாவர வைரஸ்களில் பரவலாகவும் விலங்கு வைரஸ்களில் மிக அரிதாகவும் காணப்படுகிறது.

இந்தியாவில் திசுவளர்ப்பு வாழைக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும்போது தேடப்படும் நான்கு வைரஸ்களைப் பாருங்கள். முடிக்கொத்து வைரஸ் ஆறு டிஎன்ஏ துண்டு. வெள்ளரி மொசைக் வைரஸ் மூன்று ஆர்என்ஏ துண்டு, அவையும் தனித்தனித் துகள்களில். பூவடிச்செதில் மொசைக் வைரஸும் வாழைக் கோட்டு வைரஸும் பிரியாத ஒற்றை ஜீனோம். ஒரே கன்றுக்குச் செய்யும் நான்கு சோதனைகளில் இரண்டுக்கு மட்டும் 'எந்தத் துண்டைத் தேடுகிறோம்' என்ற கேள்வி எழுகிறது.

முடிக்கொத்து வைரஸின் ஆறு துண்டுகளுக்கும் பெயர் உண்டு. டிஎன்ஏ-ஆர் பிரதியெடுப்பைத் தொடங்கி வைக்கும் புரதத்தைத் தருகிறது. இது தன் துண்டை மட்டுமல்ல, மற்ற ஐந்தையும் சேர்த்தே பெருக்கும். டிஎன்ஏ-எஸ் உறைப் புரதம். டிஎன்ஏ-எம் செல்லிலிருந்து செல்லுக்கு நகர உதவுவது. டிஎன்ஏ-சி தாவரச் செல்லைப் பிரதியெடுக்கும் நிலைக்குத் தள்ளிவிடும் புரதம். டிஎன்ஏ-என் செல்கருவுக்கு உள்ளும் வெளியும் கொண்டுசெல்லும் புரதம். ஆறாவதான யு3-யின் வேலை தெளிவாகவில்லை.

ஆறிலும் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, கொண்டை ஊசி போல மடியும் வரிசையைச் சுற்றியுள்ள சுமார் 70 நியூக்ளியோடைடு. ஆர் துண்டின் புரதம் வந்து வெட்டுவது அங்கேதான். மற்றொன்று 'பெரும் பொதுப் பகுதி' எனப்படுவது. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பிரைமர் (தேடும் வரிசையில் ஒட்டிப் பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துணுக்கு) தேர்வில் திரும்ப வரும்.

ஆறும் ஒன்றாகச் சேருவது எவ்வளவு கடினம்

ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், பிரிந்திருப்பதற்கு வைரஸ் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கால்குலேட்டர் போதும்.

ஒரு செல்லுக்கு ஒவ்வொரு துண்டும் சராசரியாக ஒரு பிரதி வீதம் வருகிறது என்று கொள்வோம். துண்டுகள் தற்செயலாக விழுவதால் குறிப்பிட்ட ஒரு துண்டு அந்தச் செல்லில் ஒரு பிரதியாவது இருக்கும் வாய்ப்பு 63%. ஒற்றை ஜீனோம் வைரஸுக்குக் கதை அதோடு முடிந்தது. இரண்டு துண்டு என்றால் 0.63-ஐ 0.63-ஆல் பெருக்க வேண்டும், 40%. ஆறு துண்டு என்றால் ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 6.4%. நூறு செல்லில் தொண்ணூற்று மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது.

சராசரியை இரண்டு பிரதியாக்கினால் ஆறும் சேரும் வாய்ப்பு 42%, மூன்றாக்கினால் 74%, ஐந்தாக்கினால் 96%. ஐந்து வீதம் ஆறு துண்டு, அதாவது ஒரு செல்லுக்கு முப்பது துகள் போய்ச் சேர்ந்தால்தான் காரியம் நிச்சயம். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபாபா அவரை நெக்ரோடிக் குட்டை வைரஸில் அளந்து பார்த்தபோது, இந்த வைரஸ்களைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினி வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கடந்துசெல்லும் பிரதிகள் மிகக் குறைவாகவே இருந்தன.

இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கல். துண்டுகள் சம எண்ணிக்கையில் இருப்பதில்லை. மொத்தம் 18 பிரதி வருகிறது, அதில் ஆர் துண்டு 4% மட்டும் என்றால் ஒரு செல்லுக்குச் சராசரியாக 0.72 பிரதி. ஆர் துண்டு அங்கே இருப்பதற்கே வாய்ப்பு 51%தான். எது அரிதோ அதுவே முழுத் தொற்றின் அளவை நிர்ணயிக்கிறது.

விலை கொடுத்தும் ஏன்?

பல விளக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. சிறிய துண்டு விரைவாகப் பிரதியாகும். சிறிய ஜீனோமைச் சுமக்கும் துகள் நீடித்து நிற்கும். ஒரு துண்டில் கெட்ட மாற்றம் விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் கழித்துவிட்டு வேறு வைரஸிடமிருந்து நல்லதை வாங்கிக்கொள்ளலாம், முழு ஜீனோமையும் இழக்க வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்ன இந்தக் கலப்பு உண்மையிலேயே நடக்கிறது. முடிக்கொத்து வைரஸிலும் ஒரு மாதிரியின் ஆர் துண்டு ஒரு கிளையையும் இன்னொரு துண்டு வேறு கிளையையும் ஒத்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு துண்டின் வரிசையை மட்டும் வைத்து 'இந்த வைரஸ் இந்த நாட்டிலிருந்து வந்தது' என்று முடிவு கட்டாதீர்கள்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட வலுவானது நான்காவது விளக்கம்: அளவுக் கட்டுப்பாடு. எல்லா மரபணுவும் ஒரே இழையில் இருந்தால் எல்லாமே ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கிடக்கும். தனித்தனியாக இருந்தால் ஒன்றைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம். பிரான்சின் மான்பெல்லியே ஆய்வாளர்கள் 2013-இல் ஃபாபா அவரை வைரஸின் எட்டுத் துண்டுகளையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தார்கள். எந்த விகிதத்தில் தொடங்கினாலும் செடிக்குள் அது ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு வந்து நின்றது. பயிர் இனம் மாறினால் அந்த விகிதமும் மாறியது. இதை 'ஜீனோம் சூத்திரம்' என்கிறார்கள். இலையிலிருந்து அசுவினியின் உடலுக்குள் போனபோதும் சூத்திரம் மாறியது. மரபணு வரிசையில் ஓர் எழுத்தும் மாறாமலே, வேறு பயிருக்குள் போனதும் எந்த மரபணு எத்தனை என்பதைச் சில நாளில் மாற்றியமைக்க முடிகிறது. பிரியாத ஜீனோமுக்கு இது அவ்வளவு எளிதல்ல.

அதே குழுவினர் 2019-இல் கண்டது மேலே போட்ட கணக்கையே புரட்டிப் போட்டது. ஒளிரும் சாயங்களால் துண்டுகளை அடையாளமிட்டுப் பார்த்தபோது வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு செல்களில் இருந்தன. ஆர் துண்டு இல்லாத செல்லிலும் ஆர் தரும் புரதம் இருந்தது, அங்கே எஸ் துண்டு பெருகியும் இருந்தது. அப்படியானால் ஆறோ எட்டோ ஒரே செல்லில் சேர வேண்டும் என்ற நிபந்தனையே தேவையில்லை. பக்கத்துச் செல்லில் தயாராகும் பொருள் இங்கே வந்து வேலை செய்கிறது. இது முடிக்கொத்து வைரஸின் உறவுக்கார வைரஸில் கண்டது. ஆனால் மாதிரி எடுப்பவருக்கு உடனே ஒரு பாடம் உண்டு: ஊசிமுனை அளவுத் திசு எடுத்துச் சோதித்தால் ஏதோ ஒரு துண்டு விடுபடலாம். நரம்பின் நீளவாக்கில் போதுமான திசு எடுங்கள்.

தோட்டத்தில் மாதிரி எடுப்பது

இந்த வைரஸ் சோற்றுக்குழாய்த் திசுவான ஃப்ளோயத்துக்குள் மட்டும் வாழ்வது. இலைப் பரப்பை வெட்டி எடுத்தால் பச்சைதான் மிஞ்சும், வைரஸ் குறைவாக இருக்கும். நடுநரம்பையும் இலைக்காம்பையும் எடுக்க வேண்டும், அதுவும் கடைசியாக விரிந்த இலையிலிருந்து.

முதலில் கண்ணால் பாருங்கள். காம்பின் மேல் வெண்சாம்பல் போல மெழுகுப் பூச்சு இருக்கும். அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுப் பாருங்கள், மெழுகு இருக்கும்வரை கோடுகள் தெரியாது. இலையை அடிப்பக்கத்திலிருந்து வெயிலுக்கு எதிரே பிடித்தால், நடுநரம்பை ஒட்டிய சிறு நரம்புகளில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் மாறி மாறித் தந்திக் குறி போலத் தெரியும். அந்தக் கோடு நடுநரம்பைத் தொடும் இடத்தில் தூண்டில் முள் போலக் கீழ்நோக்கி வளைந்து இறங்கும். இந்த வளைவுதான் நம்பகமான அடையாளம். இலை குறுகி விறைத்து நிமிர்ந்து, விளிம்பு மஞ்சளாகி, முடியில் கொத்தாக நிற்பது பின்னால் வருவது. அந்த நிலைக்கு வந்த மரத்தைச் சோதனைக்கு அனுப்புவது வீண், அடையாளம் தானே தெரிகிறது. சோதனை தேவைப்படுவது சந்தேகமான மரத்துக்கும், நன்றாகத் தெரியும் பக்கக்கன்றுக்கும், திசுவளர்ப்புக்கு எடுக்கும் தாய்மரத்துக்கும்.

நடுநரம்பின் அடிப்பாதியிலிருந்து 5 சென்டிமீட்டர், அதே இலையின் காம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் வெட்டுங்கள். குருத்து இன்னும் விரியாத கன்று என்றால் குருத்தின் அடிப்பகுதி. மரத்துக்கு மரம் பிளேடை மாற்றுங்கள். முடிக்கொத்து வைரஸ் சாறு வழியாகப் பரவாது, ஆனால் பிசிஆருக்கு (டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பல மடங்கு பெருக்கும் சோதனை) ஒரு துளிச் சாறு போதும், அடுத்த மாதிரி பொய்யாக 'உண்டு' என்று காட்டிவிடும். பையில் மர எண், இரகம், இலை எண், தேதி எழுதுங்கள். அன்றே சோதனைக்கூடம் சேராது என்றால் துணுக்குகளாக நறுக்கிச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இரண்டு நாள் வெயிலில் கிடந்த மாதிரியை வாங்காமல் திருப்பி அனுப்புவதே மேல்.

பல மரங்களைக் கலந்து ஒரே மாதிரியாக்கினால் செலவு குறையும். ஐந்துக்கு மேல் கலக்காதீர்கள். ஐந்தில் ஒன்றில் மட்டும் வைரஸ் இருந்தால் அளவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, பிசிஆரில் இரண்டு சுற்றுக்கு மேல் தள்ளிப்போகும். ஆரம்பத் தொற்றில் அந்த இரண்டு சுற்றே பொய்யான 'இல்லை'க்குப் போதுமானது.

டிஎன்ஏ பிரிப்பது

வாழைத் திசுவில் ஃபீனாலும் பால்பசையும் அதிகம். சாதாரண முறையில் பிரித்தால் டிஎன்ஏ பழுப்பேறும், பிசிஆர் ஓடாது. ஆகவே சிடிஏபி (செல்லுறையைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசல்: 2% சிடிஏபி, 1.4 மோலார் சோடியம் குளோரைடு, 100 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 8.0), 20 மில்லிமோலார் இடிடிஏ, 2% பிவிபி. பீட்டா மெர்கேப்டோஎத்தனாலை 1% அளவில், பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் சேருங்கள். முந்தின நாளே கலந்து வைத்தால் அதன் வேலை போய்விடும். புகைக்கூண்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

100 மில்லிகிராம் நரம்புத் திசுவைத் திரவ நைட்ரஜனில் பொடியாக்கி, 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய கரைசல் 1 மில்லிலிட்டரில் கலக்குங்கள். அதே சூட்டில் 30 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். 700 மைக்ரோலிட்டரை வேறு குழாய்க்கு எடுத்து, சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து, 12,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேலடுக்கை மட்டும் எடுங்கள். நடுவில் வெண்படலத்தைப் பைப்பெட் தொட்டால் திரும்பச் சுழற்றுவதே நல்லது. வந்த நீர்மத்தில் 0.7 பங்கு ஐசோப்ரோப்பனால், மைனஸ் 20 டிகிரியில் 30 நிமிடம், மறுபடி 10 நிமிடச் சுழற்சி, 70% எத்தனால் கழுவல், 10 நிமிடம் உலர்த்தல், 50 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்தல்.

260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் விகிதம் (260/280) 1.8-க்கும் 2.0-க்கும் நடுவில் இருக்கட்டும். 260/230 மிகக் குறைவாக வந்தால் பால்பசையும் ஃபீனாலும் தங்கியிருக்கின்றன. அந்த மாதிரியைத் தூக்கியெறிய வேண்டாம். பத்துக்கு ஒன்றாக நீர்க்கச் செய்து ஓட்டுங்கள். தடைப்பொருள் இருந்தால் நீர்த்த மாதிரியில் பட்டை (பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் காட்டும் கோடு) வரும், நீர்க்காததில் வராது. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு நீர்க்காமல் ஒரு மாதிரியையும் ஓட்டமாட்டார்கள்.

எந்தத் துண்டைத் தேடுவது

பல சோதனைக்கூடங்கள் டிஎன்ஏ-ஆர் துண்டை மட்டும் தேடுகின்றன. 1995-இல் வெளியான, 349 அடி இணை நீளப் பட்டை தரும் பிரைமர் இணை உலகமெங்கும் இதற்குப் பயன்படுகிறது. நல்ல பிரைமர்தான். ஆர் துண்டு மிகக் குறைவாக மாறும் துண்டு என்பதால் எந்த நாட்டு வைரஸானாலும் பிடிக்கும். ஆனால் அதை மட்டுமே நம்பியிருப்பதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை துணைக்கோள் டிஎன்ஏ. சில மாதிரிகளில், குறிப்பாகத் தென்கிழக்கு ஆசியக் குழுவில் (இந்த வைரஸின் இரு பெரும் கிளைகளில் ஒன்று, மற்றது பசிபிக்–இந்தியப் பெருங்கடல் குழு), ஏழாவதாக ஒரு வட்டம் கிடைக்கும். அதுவும் பிரதியெடுக்கும் புரதத்தையே தருகிறது, ஆனால் தன்னை மட்டும் பெருக்கிக்கொள்ளும். மற்ற துண்டுகளுக்கு உதவாது. நோய்க்குத் தேவையும் இல்லை. ஆர் துண்டுக்கென்று பொதுவாக வடிவமைத்த தளர்வான பிரைமர் இதையும் பிடித்துவிடும்.

இரண்டாவது ஓட்டை விகிதம். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை, ஆய்வு முடிவல்ல: ஒரு மாதிரியில் ஆர் 4,000 பிரதி, எஸ் 6,000, எம் 10,000, சி 20,000, என் 40,000, யு3 20,000. மொத்தம் ஒரு லட்சம். ஆர் 4%, என் 40%. பத்து மடங்கு வேறுபாடு என்றால் நிகழ்நேர பிசிஆரில் (பெருக்கம் எந்தச் சுற்றில் தெரிகிறது என்று எண்ணும் முறை) 3.3 சுற்று வேறுபாடு. ஆரம்பத் தொற்றில் ஆர் 38-ஆம் சுற்றில் தோன்றும், நீங்கள் 37-இல் கோடு போட்டிருப்பீர்கள், அறிக்கையில் 'இல்லை' என்று போகும். அதே குழாயில் என் துண்டைத் தேடியிருந்தால் 34.7-இலேயே தெரிந்திருக்கும்.

ஆகவே குறைந்தது மூன்று துண்டுகளைத் தேடுங்கள்: ஆர், எஸ், என். ஆர் பெருக்கலுக்கு, எஸ் உறைக்கு. என் துண்டைச் சேர்ப்பதற்கு வேறொரு காரணம். ஃபாபா அவரை வைரஸில் அந்தப் புரதம் இல்லாமல் அசுவினி வழிப் பரவல் நடக்காது என்று காட்டியிருக்கிறார்கள். பிரைமர்களைப் பொதுப் பகுதிகள் இரண்டுக்கும் வெளியே, அந்தந்தத் துண்டுக்கே உரிய மரபணுவுக்குள் வையுங்கள். பொதுப் பகுதிக்குள் வைத்தால் ஆறையும் பிடித்து நல்ல பட்டை வரும், எந்தத் துண்டு என்பது மட்டும் தெரியாது.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 1, டிஎன்ஏ 2 (மொத்தம் 20 முதல் 50 நானோகிராம்), நீர் 8.5. 94 டிகிரியில் 4 நிமிடம், பிறகு 35 சுற்று: 94-இல் 30 நொடி, பிரைமருக்கு ஏற்ப 55 முதல் 62-இல் 30 நொடி, 72-இல் 45 நொடி. முடிவில் 72-இல் 7 நிமிடம். 1.5% அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நான்கு கட்டுப்பாட்டு மாதிரிகள் வேண்டும்: நோய் உறுதியான மரம், சுத்தமான மரம், டிஎன்ஏ இல்லாத நீர், வாழையின் சொந்த மரபணுவான ஆக்டின். ஆக்டின் பட்டை வராத மாதிரிக்கு வைரஸ் 'இல்லை' என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. டிஎன்ஏவே வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறும் இருக்கின்றனவா என்று பார்க்க

தாய்மரத் தேர்வு, புது இடத்தில் முதல் பதிவு போன்றவற்றுக்கு ஆறையும் பார்த்துவிடுவது நல்லது. வட்ட டிஎன்ஏவை மட்டும் விரும்பிப் பெருக்கும் ஃபை29 பாலிமரேஸ் முறை இதற்கு ஏற்றது, வரிசை தெரியாத துண்டையும் பிடிக்கும். 1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவை மாதிரிக் கரைசலில் 95 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கி உடனே பனியில் வையுங்கள். நொதிக் கலவை சேர்த்து 30 டிகிரியில் 18 மணி நேரம், பிறகு 65-இல் 10 நிமிடம். கிடைத்ததில் 2 மைக்ரோலிட்டரை வெட்டு நொதியால் வெட்டி ஓட்டினால் 1.1 கிலோ அடி இணை அருகே பட்டை வரும். ஆறையும் ஒரே இடத்தில் வெட்டும் ஒரே நொதி கிடைக்காது. மூன்று நான்கு நொதிகளைத் தனித்தனியே ஓட்ட வேண்டும்.

இந்த முறையால் அளவைச் சொல்லாதீர்கள். பதினெட்டு மணி நேரப் பெருக்கலில் தொடக்க விகிதம் குலைந்துவிடும். சூத்திரம் அறிய வேண்டுமென்றால் பெருக்காத டிஎன்ஏவில், துண்டுக்கு ஒரு பிரைமர் இணை வீதம் நிகழ்நேர பிசிஆர்தான் வழி. ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் பெருகும் சிறு வட்ட டிஎன்ஏ) ஏற்றி அளவுகோல் தயாரியுங்கள். 3,000 அடி இணைப் பிளாஸ்மிடில் 1,100 அடி இணைத் துண்டு ஏறியிருந்தால் 1 நானோகிராமில் சுமார் 22 கோடி பிரதிகள். அதைப் பத்துப் பத்தாக நீர்த்து 10 கோடியிலிருந்து ஆயிரம் வரை ஆறு நிலைகள் வையுங்கள். அளவுக்கோட்டின் சரிவு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் நடுவில் வர வேண்டும். ஆறு பிரைமர் இணைகளின் திறனும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பிரைமரின் குணத்தை, வைரஸின் விகிதத்தை அல்ல. பிளாஸ்மிடைச் சுருண்ட நிலையில் வைக்காமல் ஓரிடத்தில் வெட்டி நேராக்குங்கள். ஒவ்வொரு மாதிரியையும் மும்முறை ஓட்டி, ஒவ்வொரு துண்டையும் ஆறின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஒரே மரத்தின் வெவ்வேறு இலைகளை ஒப்பிடும்போது இலை எண் ஒன்றாக இருக்கட்டும்.

முடிவைப் படிப்பது

ஆர், எஸ், என் மூன்றும் வந்தால் தொற்று உறுதி. மூன்றும் வராமல் ஆக்டின் மட்டும் வந்தால், அந்தத் தேதியில், அந்தத் திசுவில் காணப்படவில்லை என்று எழுதுங்கள். அதற்கு மேல் சொல்லாதீர்கள்.

ஆர் மட்டும் வந்தால் நிறுத்துங்கள். பட்டையை மட்டுமல்ல, அந்த வட்டத்தின் முழு வரிசையையும் பாருங்கள். பெரும் பொதுப் பகுதி அந்த வட்டத்தில் இல்லையென்றால் அது துணைக்கோள். துணைக்கோளுக்குத் தனக்கென உறை இல்லை, ஏதோ ஒரு வைரஸின் உறையில்தான் பயணிக்கும். அதனால் மரத்தைச் சுத்தம் என்று விடாமல் அடுத்த இலையில் மறுபடி எடுங்கள். ஆர் உண்மையானதாக இருந்து எஸ், என் வராவிட்டால் முதலில் பிரைமர் பொருந்தாமையைச் சந்தேகியுங்கள். பசிபிக்–இந்தியப் பெருங்கடல் குழுவுக்கு வடிவமைத்த பிரைமர் தென்கிழக்கு ஆசியக் குழுவின் எஸ் அல்லது என் துண்டில் வழுக்கலாம். துண்டு உண்மையில் இல்லை என்ற முடிவுக்கு வரும் முன் ஃபை29 முறையில் பார்த்துவிடுங்கள்.

எல்லா மாதிரியிலும், நீரிலும்கூடப் பட்டை வந்தால் அது பழைய பிசிஆர் பொருள் காற்றில் கலந்தது. அளவுகோல் பிளாஸ்மிடை நீர்க்கும் மேசையும் மாதிரி கலக்கும் மேசையும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நேரும். கோடிக்கணக்கான பிரதிகள் உள்ள குழாயைத் திறந்த அறையில் மாதிரிக் குழாயைத் திறக்கவே கூடாது.

'உண்டு' என்று வந்தபின்

உடனே அரிவாளை எடுக்கத் தோன்றும். அது தவறு. பென்டலோனியா நைக்ரோநெர்வோசா என்ற வாழை அசுவினி தண்டின் அடியில், வெளிமட்டைகளின் இடுக்கிலும் குருத்தின் தொண்டையிலும் ஒளிந்திருக்கும். மரத்தை வெட்டியதும் அவை கிளம்பி அடுத்த மரத்துக்குப் போகும். வைரஸை உறிஞ்ச அசுவினிக்குச் சுமார் நான்கு மணி நேரமாவது வேண்டும், ஆனால் நல்ல மரத்தில் ஏற்றக் கால் மணி நேரம் போதும். ஏற்றும் ஆற்றல் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். ஆகவே முதலில் அசுவினியைக் கொல்லுங்கள். உள்ளூர் வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தைத் தண்டின் அடிவரை, மட்டை இடுக்குவரை தெளியுங்கள். பிறகு தூர் முழுவதையும், தாய்மரம், பக்கக்கன்று, கிழங்கு என ஒன்றுவிடாமல் தோண்டியெடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி உலர விடுங்கள். ஒரே தூரில் ஒரு கன்று மட்டும் நோய், மற்றவை நலம் என்று நினைக்க வேண்டாம். கிழங்கு ஒன்று என்றால் வைரஸும் ஒன்று.

புதிதாகத் தொற்றும் மரங்களில் பெரும்பங்கு நோய் மரத்திலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும். அந்த வட்டத்துக்குள் உள்ள ஒவ்வொரு தூரையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெழுகைத் தேய்த்துப் பாருங்கள். தொற்றியபின் குறைந்தது இரண்டு புது இலையாவது விரிந்த பிறகே அறிகுறி வெளியே தெரியும். குளிர்காலத்தில் அந்த இரண்டு இலைக்கு வாரக்கணக்கில் ஆகும். இன்று 'காணப்படவில்லை' என்று வந்த கன்றுக்கும் இதே கணக்குதான்: இன்னும் மூன்று இலை விரியட்டும், மூன்றாவது இலையின் நடுநரம்பை வெட்டி மறுபடி அனுப்புங்கள், அதுவரை அந்தக் கன்றை நர்சரியிலிருந்து வெளியே விடாதீர்கள்.